ஆயில் மாத்தச் சொன்ன பாவம்

பல் வலிக்காத ஆளுக்குப் போன் போட்டு, பல் டாக்டரிடம் வரச் சொல்வது போன்றது என் வேலை.

குன்னூரில் ஒரு கார் சர்வீஸ் சென்டரில் முன்னால் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். வண்டியை வாங்கி, என்ன குறை என்று கேட்டு எழுதி, உள்ளே அனுப்பி, சாயங்காலம் திருப்பிக் கொடுப்பது பாதி வேலை. மீதிப் பாதி, "உங்க வண்டிக்கு ஆயில் மாத்தற நாள் வந்துருச்சுங்க" என்று மலை முழுக்கப் போன் அடிப்பது. பிரேக் பிடிக்கவில்லை என்றால் கூப்பிடாமலே வருவார்கள். ஹாரன் அடிக்கவில்லை என்றால் அன்றைக்கே வந்து நிற்பார்கள். இந்த ரோட்டில் ஹாரன் இல்லாமல் ஒரு வளைவு தாண்ட முடியாது. ஆனால் இன்ஜினுக்குள் கிடக்கிற ஆயில் கண்ணுக்கும் தெரியாது, சத்தமும் போடாது. "வண்டி நல்லாத்தானேங்க ஓடுது?" என்பார்கள். பதினோரு வருசமாக இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஏதாவது ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து "சார்", "மேடம்" சொல்லிப் பிழைக்கிற என் இனத்தாரே, நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் சரி, இதைப் படித்துக் கொஞ்சம் சிரித்துக்கொள்ளுங்கள். வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம் என்று நீங்களும் எத்தனை நாள் நினைத்திருப்பீர்கள்!

டாக்டரும் அதையேதான் சொன்னாரு

வேலையில் சேர்ந்த முதல் வாரம். அருவங்காடு குவார்ட்டர்ஸில் குடியிருந்த ஒருவரின் வண்டிக்கு ஆயில் மாற்றி ஒன்றரை வருசம் ஆகியிருந்தது. நோட்டில் இருந்த நம்பருக்கு அடித்தேன். அவர் மனைவி எடுத்தார். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் ஒப்பித்தேன். "வணக்கமுங்க. நீங்க ஆயில் மாத்தி ரொம்ப நாளாச்சுங்க. இப்படியே விட்டா உள்ள எல்லாம் அடைச்சுக்கும். ஒரு நாளைக்குத் திடீர்னு நின்னு போயிரும்."

அந்தப் பக்கமிருந்து அழுகைக் குரலில் பதில் வந்தது. "டாக்டரும் அதையேதானுங்க சொன்னாரு. இவுருக்குக் கொழுப்பு ஏறிக் கெடக்குது. நானும் சொல்லிப் பாத்துட்டேன், பஜ்ஜி இல்லாம டீ குடிக்க மாட்டீங்கறாரு." கார் என்றோ வண்டி என்றோ நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஆனால் திருத்துவதற்குள் வாய் தானாக அடுத்த வரிக்கு ஓடிவிட்டது. "கவலப்படாதீங்க, எங்க ஆளு ஊட்டுக்கே வருவாங்க. பழச முழுசா எடுத்துட்டுப் புதுசு ஊத்திருவோம்."

"ஒரு நிமிசமுங்க" என்று சமையலறைக்குப் போய் வந்தார் அந்த அம்மா. "பாமாயில் முக்கா டின் இருக்குதுங்க. டின்னோட எடுத்துக்குவீங்களா, இல்ல வேற பாத்திரத்துல ஊத்தி வெக்கணுங்களா?"

கண்ணடிக்கிற விளக்கு

வெலிங்டன் பக்கம் மளிகைக் கடை வைத்திருப்பவர் ஒருவர். மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பர்லியாறு தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவின் நடு வயிற்றில் வண்டி நின்றுவிட்டது. மேலேயும் கீழேயும் பஸ், லாரி, டூரிஸ்ட் வேன் என்று ஒரு மணி நேரம் யாரும் அசையவில்லையாம். மீட்பு வண்டி இழுத்துக்கொண்டு வந்தபோது, பட்டு வேட்டியில் அவரும், பட்டுச் சேலையில் அவர் மனைவியும், தாம்பூலப் பையோடு வந்து என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள்.

எங்கள் ஃபோர்மேன் தங்கவேலு அண்ணன் இன்ஜினைத் திறந்தார். ஆயில் அளவு பார்க்கிற கம்பியில் ஒரு சொட்டுகூட ஒட்டவில்லை. அடியில் திறந்துவிட்டபோது, ரோடு போடுகிற தார் மாதிரி ஒரு கைப்பிடி விழுந்தது. பிறகு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தவர், "இங்க வந்து பாரும்மிணி" என்று என்னைக் கூப்பிட்டார். ஸ்பீடு காட்டுகிற கண்ணாடியின் ஓரத்தில் அரக்கு நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. உரித்தால், அடியில் ஆயில் விளக்கு. ஆயில் குறைந்தால் எரிகிற சிவப்பு விளக்கு அது. கொஞ்சமாகக் குறைந்திருந்தால் நேர் ரோட்டில் எரியாது. வண்டி வளைவில் சாயும்போது மட்டும் மின்னிவிட்டு அணையும். நம் ஊரில் வளைவுக்கா பஞ்சம்?

மளிகைக் கடைக்காரர் பொட்டைப் பார்த்தார். அப்புறம் மனைவியின் நெற்றியைப் பார்த்தார். அதே அரக்கு, அதே அளவு. அந்த அம்மா கொஞ்சமும் அசரவில்லை. "ஆமாங்க, நாந்தான் ஒட்டினேன். ஒவ்வொரு வளைவுலயும் இவுரப் பாத்துக் கண்ணடிச்சுட்டே இருந்துச்சு. இவுரும் ரோட்ட விட்டுப்போட்டு அதையே பாக்கறாரு. குடும்பத்தோட போறப்ப அது நல்லாவா இருக்கும்?"

திருத்தமும் கையெழுத்தும்

ஆயில் மாற்றியதும் வண்டியின் முன் கண்ணாடி மூலையில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டுவோம். அடுத்து எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர், வண்டி ஏற்றத்தில் முக்குகிறது என்று கொண்டுவந்தார். ஸ்டிக்கரைப் பார்த்தேன். நான் எழுதியிருந்தது நாற்பதாயிரம். அதன் மேல் ஒரு கோடு, பக்கத்தில் நாற்பத்தையாயிரம். அதன் மேலும் ஒரு கோடு, ஐம்பத்திரண்டாயிரம். வண்டி அப்போது ஓடியிருந்தது ஐம்பத்தொன்றாயிரத்துச் சொச்சம்.

"சார், இத நீங்களே மாத்திட்டீங்களா?" என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு, ஸ்டிக்கரில் ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் எறும்பு அளவில் இருந்த சுருக்கக் கையெழுத்தை விரலால் தொட்டுக் காட்டினார். "மொட்டையா அடிச்சுத் திருத்தினாத்தானுங்க தப்பு. ரெண்டு எடத்துலயும் இனிஷியல் போட்டு, தேதியும் போட்டிருக்கேன் பாருங்க."

வேலிக் கட்டை

இப்படிப்பட்டவர்களுக்கு நடுவில் எனக்கு ஒரு தங்கமான வாடிக்கையாளர் இருந்தார். கேத்தி பக்கம் கேரட் விவசாயம் செய்கிற போஜண்ணன். கேரட் ஏற்றுகிற அவருடைய பிக்கப் வண்டிக்கு நாள் தவறாமல், சில சமயம் நாளுக்கு முன்னாலேயே, போன் பண்ணாமலே ஆயில் மாற்ற வந்துவிடுவார். வண்டி இரண்டரை லட்சம் கிலோமீட்டர் ஓடியும் இன்ஜின் சத்தம் புது வண்டி மாதிரி இருக்கும். மற்றவர்கள் முரண்டு பிடிக்கும்போதெல்லாம் "எங்க போஜண்ணன் வண்டியப் பாருங்க" என்று உதாரணம் காட்டுவேன். போகும்போது கழித்த ஆயிலை மட்டும் ஒரு கேனில் கேட்டு வாங்கிக்கொள்வார். அப்போதெல்லாம் கேட்டால் கொடுத்துவிடுவோம்.

பிறகு, பழைய ஆயிலை யாருக்கும் கொடுக்கக் கூடாது, எல்லாவற்றையும் டிரம்மில் சேர்த்துத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். போஜண்ணன் அடுத்த தடவை காலிக் கேனோடு வந்து நின்றபோது சங்கடத்தோடு விசயத்தைச் சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது. கரையான் அரிக்காமல் இருக்கத் தோட்டத்து வேலிக் கட்டைகளுக்கெல்லாம் அதைத்தான் பூசிக்கொண்டிருந்தாராம். கேனை எடுத்துக்கொண்டு, வண்டிச் சாவியையும் மேசையிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டார். "வேலிக்குக் கெடைக்காதுன்னா, அப்புறம் ஆயில் எதுக்கும்மா மாத்தணும்? வண்டி நல்லாத்தான ஓடுது?"

தினம் அஞ்சு நிமிசம்

ஊட்டியிலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயசுக்குள்தான் இருக்கும். கணவன் துபாயில். அவன் வாங்கி நிறுத்திவிட்டுப் போன காரை இரண்டு வருசம் கழித்து முதல் தடவையாக வெளியே எடுத்திருக்கிறாள். இரண்டு வருசத்தில் அறுபது கிலோமீட்டர்கூட ஓடவில்லை. "ஓடாத வண்டிக்கு எதுக்குங்கக்கா ஆயில்? ஆனா தெனமும் ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிசம் வெச்சிருப்பேனுங்க" என்றாள், நன்றாகப் படிக்கிற பிள்ளை மார்க் சொல்வது போல.

தங்கவேலு அண்ணன் ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருகி எடுத்தார். உள்பக்கம் பூராவும் பால் காப்பி நுரை மாதிரி அப்பியிருந்தது. எங்கள் குளிரில் அஞ்சு நிமிசம் ஓடினால் இன்ஜின் சூடே ஆகாது. உள்ளே வேர்த்து, அந்த ஈரம் ஆயிலோடு கலந்து, இப்படி ஆகிவிடும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆயிலுக்கு வயசாகும். இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிவிட்டு, "இனி ஸ்டார்ட் பண்ணினா ஒரு பத்துக் கிலோமீட்டராவது ஓட்டு, இல்லன்னா சும்மா விட்டுரு" என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. சுற்றிலும் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தாள். கார் ஷெட் வீட்டோடு ஒட்டினாற்போல் இருக்கிறது. தினமும் அந்த அஞ்சு நிமிசம் காருக்குள் உட்கார்ந்துதான் அவனோடு போன் பேசுகிறாள். இன்ஜின் ஓடினால்தான் மாமியாருக்கு ஒன்றும் கேட்காது. "கார்த் தூசி தட்டீட்டு வரேன்னு சொல்லிட்டுப் போவேனுங்கக்கா" என்றாள். காது வரைக்கும் சிவந்துவிட்டது.

வேலைச் சீட்டில் என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. உள்ளே போய்த் தங்கவேலு அண்ணனிடம் கேட்டேன். சிரிக்கத் தெரியாத மனுசன் அவர். கையில் இருந்த துணியால் அந்த மூடியை நிதானமாகத் துடைத்து முடித்துவிட்டுச் சொன்னார். "ஆறு மாசத்துக்கு ஒருக்கா தவறாம ஆயில் மாத்தச் சொல்லும்மிணி. ஆயில் எங்க வேணா கெடைக்கும். அந்தப் புள்ளையப் பேச வேண்டாம்னு மட்டும் சொல்லிப்போடாத."

வெள்ளைக் கர்ச்சீப்

இது சிரிக்க முடியாத விசயமாகத்தான் ஆரம்பித்தது. கோயமுத்தூரில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று, குன்னூரில் வீடு வாங்கிக் குடிவந்த ஒருவர். டீசல் கார். ஆயில் மாற்றிக்கொண்டு போன மறுநாள் காலை, கடை திறக்கும்போதே வாசலில் நின்றார். கையில் ஒரு பாலிதீன் உறை. உள்ளே வெள்ளைக் கர்ச்சீப், அதில் கன்னங்கரேலென்று ஒரு கறை. ஆயில் கம்பியை எடுத்து அதில் துடைத்திருக்கிறார். "நேத்து மாத்தின ஆயிலா இது? பழசையே வெச்சு ஏமாத்திட்டீங்க" என்று போட்ட சத்தத்தில், காத்திருந்த மற்ற வாடிக்கையாளர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். மேனேஜரிடம் எழுத்தில் புகார் கொடுத்தார். வண்டியை வாங்கி, மாற்றியாயிற்று என்று கையெழுத்துப் போட்டவள் நான். மத்தியானத்துக்குள் விளக்கம் எழுதிக் கொடு என்றார் மேனேஜர். செய்யாத தப்புக்கு எப்படி விளக்கம் எழுதுவது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

தங்கவேலு அண்ணன் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் காருக்குப் பக்கத்தில் போட்டார். "சார், உக்காருங்க. உங்க கண்ணு முன்னாடி இன்னொருக்கா மாத்தறேன்" என்றார். பழையதை வடித்தார். புது டப்பாவின் மூடி முத்திரையைப் புகார் கொடுத்தவர் கையாலேயே கிழிக்கச் சொன்னார். ஊற்றினார். ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் கம்பியை எடுத்துத் துடைத்தால், கர்ச்சீப்பில் தேன் நிறம். "இப்ப நீங்களே ஒரு சுத்து ஓட்டிட்டு வாங்க." அவர் பெட்போர்டு வரை போய்த் திரும்பினார். மறுபடி கம்பியை எடுத்துத் துடைத்தால் கறுப்பு. அண்ணன் குரலை உயர்த்தவில்லை. "டீசல் இன்ஜினுக்குள்ள எந்நேரமும் கரி இருக்கும் சார். ஆயில் அதக் கழுவித் தம்மேல வாங்கிக்கும். அதனாலதான் உடனே கறுக்குது. கறுத்தா வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்து கர்ச்சீப்பை எடுத்துக்கொண்டார். என்னிடம் வந்து ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். வந்தார். புகார்க் கடிதத்தை மேனேஜரிடமிருந்து வாங்கி என் மேசை மேலேயே கிழித்துப் போட்டார். ஆனால் அவர் முகத்தில் நிம்மதி இல்லை. கர்ச்சீப்பை மடித்தபடி, எனக்கா தனக்கா என்று தெரியாத மாதிரி மெதுவாகச் சொன்னார். "போன வருசம் கோயமுத்தூர்ல, இதே மாதிரி ஒரு கர்ச்சீப்பக் காட்டி ஒரு மெக்கானிக்க வேலைய விட்டே எடுக்க வெச்சேம்மா. அந்த ஆளு பேருகூட எனக்குத் தெரியாது."

முன்னாடி ஆனை நிக்குது

மசினகுடியில் ஜீப் ஓட்டுகிற சிவராஜுக்கு நான் போன் பண்ணிய மாதிரி என் வீட்டுக்காரருக்குக்கூடப் பண்ணியதில்லை. பெரிய ரிப்பேர் என்றால் தங்கவேலு அண்ணனைத் தேடிக் குன்னூர் வரை வருவார். ஆயில் மாற்ற மட்டும் வர மாட்டார். ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். சீசன் நேரமுங்கக்கா. பொண்ணுக்குப் பரிட்சைங்கக்கா. கல்லட்டி ரோட்டுல மழைங்கக்கா. மச்சினனுக்குக் கல்யாணமுங்கக்கா. ஒரு தடவை "சாமிக்கு மாலை போட்டிருக்கனுங்கக்கா" என்றார். "மாலை போட்டா வண்டிக்கு ஆயில் ஊத்தக் கூடாதுன்னு எந்தச் சாமி சொல்லுச்சு?" என்று கேட்டேன். குருசாமியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

ஒரு நாள் சாயங்காலம் ஐந்தரை இருக்கும். கிளம்புவதற்கு முன் கடைசியாக அவருக்கு ஒரு போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். "அக்கா" என்று காற்றுப் போகிற மாதிரி ஒரு குரல். "சிவராஜு, எட்டு மாசமாச்சு. இந்தத் தடவையாவது வருவீங்களா?" என்றேன். "வரேனுங்கக்கா. மெதுவாப் பேசுங்க. முன்னாடி ஆனை நிக்குது." எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ! "பரிட்சை ஆச்சு, கல்யாணம் ஆச்சு, இப்ப ஆனையா? ஏனுங்க, ஆயில் இல்லாம இன்ஜின் போச்சுன்னா உங்க பொழப்பு என்னாகும்னு என்னைக்காவது நெனச்சுப் பாத்திருக்கீங்களா? வண்டியில ஏர்றவங்கள நெனச்சீங்களா?" என்று பிடித்த பிடியில், இன்ஜினுக்குள் இரும்பும் இரும்பும் எப்படி உரசும், எப்படிச் சூடாகும், எப்படிப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்று தங்கவேலு அண்ணனிடம் கற்ற பாடம் முழுவதையும் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கமிருந்து "ம்... ம்..." என்று மட்டும் வந்தது. மனுசன் ஒரு வழியாகக் காது கொடுத்துக் கேட்கிறார் என்று எனக்குத் திருப்தியாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் அந்த ஜீப் கயிறு கட்டி இழுபட்டு வந்து சேர்ந்தது. பின்னாலேயே சிவராஜ். நான் நேற்றுச் சொன்னபடியே இன்ஜின் பிடித்துக்கொண்டிருந்தது, ஆனால் நான் போன் பண்ணுவதற்குக் கால் மணி நேரத்துக்கு முன்னாலேயே. மாயார் ரோட்டில், ஆறு டூரிஸ்ட்டுகளும் ஒரு கைக்குழந்தையும் உள்ளே இருக்க, நடு ரோட்டில் செத்துவிட்டது. பின்னால் எடுக்கவும் வழியில்லை. பத்தடி முன்னால் புதரை விலக்கிக்கொண்டு குட்டியோடு ஒரு ஆனை வந்து நின்றது. குழந்தையின் வாயைத் தாய் பொத்திக்கொண்டிருக்கிறாள், யாரும் மூச்சுவிடவில்லை. அந்த நேரம் பார்த்துச் சட்டைப் பையில் போன் அடித்திருக்கிறது. கட் பண்ணினால் நான் திரும்பத் திரும்ப அடிப்பேன் என்று அவருக்குத் தெரியும்; அதனால்தான் முதல் மணியிலேயே எடுத்திருக்கிறார்.

அவரை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, "மன்னிச்சுக்குங்க சிவராஜு, எல்லாரும் பத்திரமா இருக்கீங்களே, அது போதும்" என்றேன். அவர் டீயை ஒரு மிடறு குடித்துவிட்டு, என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஆனை ரெண்டே நிமிசத்துல குட்டியக் கூட்டிட்டுப் போயிருச்சுங்கக்கா. நீங்கதான் போனை வெக்கவே மாட்டேன்னுட்டீங்க."

மொத்தத்தில் நான் கண்டது இதுதான்: இன்ஜினுக்கு ஆயில் மாற்ற முக்கால் மணி நேரம் போதும், அதற்கு ஒரு ஆளைச் சம்மதிக்க வைப்பதற்குத்தான் என்னைப் பதினோரு வருசமாக வேலையில் வைத்திருக்கிறார்கள்.